தோட்டப்புற டவுன்ல கான்ஃபரன்ஸ் நடத்துறீங்களா? ஸ்பான்சர் பூத்தும் வேலைச் சந்தையும் உருப்படியா நடக்க முழு வழிகாட்டி

மேசை, பேனர், கிண்ணம் நிறைய மிட்டாய், பின்னாடி போன் பாத்துகிட்டு ரெண்டு பேரு. நெறைய கம்யூனிட்டி கான்ஃபரன்ஸ்ல ஸ்பான்சர் பூத்துன்னா இவ்வளவுதான். வர்றவங்க பை வாங்கிட்டு போயிடுவாங்க, ஸ்பான்சர் அடுத்த வருஷம் கூப்பிட்டா போன எடுக்க மாட்டாரு. கோலாலம்பூர்ல நடந்தா அது வெறும் வீண் செலவு, ஆனா மலேசியாவுல பேராக் மாநிலத்துல இருக்குற எங்க சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊர்ல நடந்தா அதவிட மோசம், ஏன்னா தோட்டத்துலருந்து ஒரு பையன் மோட்டார் பைக்குக்கு எண்ணெய் ஊத்திகிட்டு, பகுதி நேர வேலைக்கு லீவு போட்டுட்டு, அன்னைக்கு சம்பளத்த விட்டுட்டு வர்றான். அவன் கையில பாம்ஃப்லெட் மட்டும் கொடுத்து அனுப்பினா அடுத்த தடவ அவனும் வர மாட்டான், அவன் லயத்துல இருக்குற மத்த பசங்களும் வர மாட்டாங்க.

அதனால நான் எப்பவும் ஒரே ஒரு அளவுதான் வச்சிருக்கேன். பூத்த விட்டு நகரும்போது அந்த ஆள்கிட்ட ஒரு தேதி இருக்கணும். "செவ்வாய்க்கெழம காலைல பத்து மணிக்கு போன் பண்றேன் தம்பி", "வெள்ளிக்கெழம பேக்டரிக்கு வாங்க, கார்டு ஹவுஸ்ல உங்க பேரு இருக்கும்", இப்படி. கீழ சொல்றது எல்லாமே அந்த தேதிய உண்டாக்குறதுக்குத்தான்.

யாருக்காக நடத்துறோம்னு முதல்ல முடிவு பண்ணுங்க

ஸ்பான்சர தேடுறதுக்கு முன்னாடியே இத செஞ்சிடணும். பதிவு ஃபார்ம்ல நாலு கேள்வி கூடுதலா போடுங்க: என்ன படிச்சிருக்கீங்க, இப்ப என்ன வேலை, எவ்வளவு தூரம் போய் வேலை செய்ய முடியும், சொந்தமா மோட்டார் லைசென்ஸ் இருக்கா. இந்த பதில்கள்தான் உங்ககிட்ட இருக்குற பெரிய சொத்து. எஸ்பிஎம் (அஞ்சாம் படிவப் பரீட்சை) முடிச்சவங்க இத்தன பேரு, எஸ்கேஎம் தொழில்திறன் சர்டிஃபிகேட் வச்சிருக்கவங்க இத்தன பேரு, டிப்ளமா இத்தன பேரு, இதுல ஈப்போவுக்கு தினம் போய் வர ரெடியா இருக்குறது இத்தன பேருன்னு பேர் இல்லாம எண்ணிக்கை மட்டும் எழுதி ஸ்பான்சர்கிட்ட நீட்டினா பேச்சே மாறிடும். "300 பேர் வருவாங்க சார்"னு சொன்னா யாருக்கும் ஒண்ணும் புரியாது, "எலக்ட்ரிக்கல் எஸ்கேஎம் மூணாம் லெவல் முடிச்சவங்க இருக்காங்க"ன்னு சொன்னா ஹெச்ஆர் உடனே எழுந்து உக்காருவாரு.

இன்னொன்னு, கூட்டத்த அளவோட வச்சிக்கணும். 2023 செப்டம்பர்ல அமெரிக்காவுல ஆர்லாண்டோவுல கிரேஸ் ஹாப்பர் செலிபிரேஷன் நடந்துச்சு, டெக் துறையில இருக்குற பெண்களுக்காக நடக்குற மாநாடு அது. அந்த வருஷம் வேலை தேடி ஆம்பளைங்க அவ்வளவு பேர் வந்துட்டாங்க, ரெக்ரூட்டர் வரிசையில யாருக்காக நடத்துனாங்களோ அவங்களுக்கே எடம் இல்லாம போச்சு, நடத்துன அமைப்பே வெளிப்படையா வருத்தப்பட்டுச்சு. நம்மளது அவ்வளவு பெருசு இல்லதான், ஆனா ஃபேஸ்புக்ல "வாக் இன் இன்டர்வியூ"ன்னு போஸ்டர் பரவிடுச்சுன்னா தைப்பிங், கோலகங்சார், பத்து காஜா எல்லா எடத்துலருந்தும் ஆள் வந்துடும். தப்பில்ல, வரட்டும், ஆனா வேலைச் சந்தையில முதல் ஒரு மணி நேரம் முன்பதிவு பண்ண நம்ம ஊர் ஆளுங்களுக்கு, அதுக்கப்புறம் எல்லாருக்கும்னு முன்கூட்டியே சொல்லிடுங்க.

ஸ்பான்சர் தேடுறது

எல்லாரும் பெரிய பேருக்கு பின்னாடியே ஓடுறோம். ஈப்போவுல செமிகண்டக்டர் பேக்டரிங்க இருக்கு, கார்செம், யூனிசெம் மாதிரி, கமுண்டிங்ல தொழிற்பேட்டை இருக்கு, அவங்கள கண்டிப்பா கேளுங்க. ஆனா நம்ம டவுன்ல இருக்குற கெரேத்தா (கார்) ஒர்க்‌ஷாப், ஏர்கோன் சர்வீஸ் கடை, கிளினிக், அக்கவுண்ட்ஸ் ஆபீஸ், லாரி கம்பெனி, செம்பனை ஆலை, இவங்களுக்கும் ஆள் தேவை, சில நேரம் பேக்டரிய விட அவசரமா தேவை. ஒரு பெரிய ஸ்பான்சர நம்பி நிக்காம, நூறு எரநூறு வெள்ளி (ரிங்கிட்) கொடுக்குறவங்களுக்கும் ஒரு சின்ன மேசை போடுங்க. அப்ப மந்திரியா இருந்த துன் சம்பந்தன் 1960ல தேசிய நில நிதி கூட்டுறவு சங்கத்த ஆரம்பிச்சு தோட்டத் தொழிலாளிங்ககிட்ட கொஞ்சம் கொஞ்சமா பணம் சேத்து தோட்டத்தையே வாங்க வச்சாரு, அவரு இந்த ஊர்க்காரரு, சின்ன பணத்தோட பலம் நமக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்ல.

கோல்டு, சில்வர், பிளாட்டினம்னு பேனர் சைஸ வச்சு பேக்கேஜ் போடாதீங்க. அந்த பணத்துக்கு என்ன கெடைக்கும்னு வேலை சம்பந்தமா எழுதுங்க: பூத், முன்கூட்டியே பொருத்தி வச்ச பத்து நேர்காணல் நேரம், மேடையில அஞ்சு நிமிஷம், முடிஞ்சதும் ஒரு ரிப்போர்ட். லோகோ பெருசா சின்னதாங்குறதுல எவனுக்கும் வேலை கெடைக்கல.

வேலை விவரத் தாள், இத மட்டும் விட்டுக்கொடுக்காதீங்க

என்னை கேட்டா முழு ஏற்பாட்டுலயும் முக்கியமானது இதுதான். எல்லா ஸ்பான்சர்கிட்டயும் ரெண்டு வாரத்துக்கு முன்னாடி ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஏ4 தாள் நிரப்பி வாங்கிடுங்க. தராதவங்களுக்கு பூத் கொடுக்கலாம், வேலைச் சந்தையில மேசை கிடையாது. தாள்ல என்ன இருக்கணும்னா, வேலையோட பேரு, எந்த எடம், எத்தன காலி, அடிப்படை சம்பளம், ஷிஃப்ட் நேரம், பேக்டரி பஸ் இருக்கா, இருந்தா எந்த வழி எந்த ஸ்டாப், ஹோஸ்டல் உண்டா, என்ன படிப்பு, எந்த மொழி, எப்ப முடிவு சொல்லுவாங்க.

அடிப்படை சம்பளத்த தனியா எழுத வையுங்க. "2,800 வரைக்கும் சம்பாதிக்கலாம்"னு போடுவாங்க, அதுல ஓவர்டைம், ஷிஃப்ட் அலவன்ஸ், வருகை அலவன்ஸ் எல்லாம் உள்ள இருக்கும். 2025 பிப்ரவரி 1லருந்து குறைந்தபட்ச சம்பளம் 1,700 வெள்ளி, ஆகஸ்ட் 1லருந்து சின்ன கம்பெனிகளுக்கும் அதுதான், அதுக்கு கீழ எழுதியிருந்தா தாள திருப்பி அனுப்புங்க. கையில எவ்வளவு வரும்னும் பக்கத்துலயே எழுதுங்க, 1,700ல ஓய்வுக்கால சேமிப்பு இபிஎஃப்புக்கு தொழிலாளி பங்கு 11 சதவீதம் போனா 187 வெள்ளி போச்சு, சொக்சோ காப்புறுதியும் இஐஎஸ் வேலையிழப்பு காப்புறுதியும் சில வெள்ளி, ஆக கைக்கு சுமாரா 1,500. மொத மாச சம்பளச் சீட்ட பாத்து அதிர்ச்சியாகி வேலைய விட்ட பசங்கள நான் பாத்திருக்கேன், அது கம்பெனி ஏமாத்துனதுனால இல்ல, யாரும் அவங்களுக்கு கணக்கு சொல்லாததுனால. 12 மணி நேர ஷிஃப்ட்டுன்னா வாரத்துக்கு எத்தன நாள்னும் கேளுங்க, 2023லருந்து வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சாதாரண வேலை நேரம், மேல போறது ஓவர்டைம்.

மொழி விஷயமும் முன்னாடியே வெளிய வந்துடணும். மாண்டரின் தெரிஞ்சாதான் எடுப்போம்னு ஒரு கம்பெனி நெனச்சா அது தாள்ல இருக்கட்டும், ஒரு பொண்ணு அரை மணி நேரம் வரிசையில நின்னு, நல்லா பேசி முடிச்சதுக்கப்புறம் கேட்டு தெரிஞ்சிக்க கூடாது. அதே மாதிரி சிவப்பு ஐசி, அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிங்களுக்கு கொடுக்குற அடையாள அட்டை. தோட்டப்புறத்துல பொறந்து வளந்தும் குடியுரிமைப் பத்திரம் சரியா இல்லாத குடும்பங்க இன்னமும் இருக்கு, சிவப்பு ஐசிக்காரங்கள எடுப்பீங்களான்னு ஸ்பான்சர்கிட்ட நேரடியா கேட்டு தாள்ல எழுதிடுங்க, அத கூட்டத்துக்கு நடுவுல அந்த பையனே கேக்க வேண்டியிருக்கக் கூடாது.

இந்த தாளுங்கள எல்லாம் ஸ்கேன் பண்ணி ஒரு வாரத்துக்கு முன்னாடி வாட்ஸ்அப் குரூப்ல விடுங்க, அன்னைக்கு டேவான் (மண்டபம்) சுவத்துலயும் ஒட்டுங்க. ஆளுங்க எந்த மேசைக்கு போகணும்னு முடிவு பண்ணிட்டு வருவாங்க, சும்மா சுத்துறது பாதியா குறையும்.

யாரு வர்றாங்கன்னு சரி பாருங்க

கம்பெனி பேர எஸ்எஸ்எம், அதாவது கம்பெனிகள் ஆணையத்தோட பதிவுல தேடுங்க, பத்து நிமிஷ வேலை. ஏஜென்ட்டா இருந்தா தனியார் வேலைவாய்ப்பு முகவர் சட்டம் 1981 படி லைசென்ஸ் வேணும், அத காட்டச் சொல்லுங்க, காட்ட யோசிச்சா மேசை இல்லன்னு சொல்லிடுங்க. வெளிநாட்டு வேலைன்னு வர்றவங்ககிட்ட இன்னும் கடுமையா இருக்கணும், கம்போடியா மியான்மார்னு நல்ல சம்பளம் சொல்லி கூட்டிட்டு போய் ஸ்கேம் கும்பல்கிட்ட மாட்டிவிட்ட மலேசியப் பசங்க கதை நம்ம எல்லாருக்கும் தெரியும், அதுல நம்ம இனத்து பசங்களும் இருந்தாங்க. எங்க டேவான்ல மூணு விதி, யாருக்காகவும் வளையாது: பூத்துல பணம் வாங்கக் கூடாது, ஐசி நகல் வாங்கக் கூடாது, பாஸ்போர்ட்ட தொடவே கூடாது. இத ஸ்பான்சர் கடிதத்துலயும் எழுதுங்க, வாசல்ல பெரிய எழுத்துல தமிழ்லயும் மலாய்லயும் ஒட்டுங்க.

தேதியும் நேரமும்

ஞாயித்துக்கெழம நல்லது. கோயில் திருவிழா, தீமிதி, பக்கத்து தோட்டத்துல கல்யாணம்னு பாத்துட்டு தேதி வையுங்க, ஊர்ல நாலு பேர்கிட்ட கேட்டாலே தெரிஞ்சிடும்.

நேர அட்டவணைதான் நெறைய எடத்துல பூத்த கொல்லுது. மேடையில பேச்சு ஓடிகிட்டே இருக்கும், பதினஞ்சு நிமிஷம் டீ பிரேக்கு, அதுல பாதி டாய்லெட் வரிசையில போயிடும், பூத்துக்கு எப்ப போறது? அமெரிக்காவுல பைத்தான் புரோகிராமிங் மொழிக்காரங்க நடத்துற பைகான் மாநாட்டுல ஸ்பான்சர் ஹால் வேற, ஜாப் ஃபேர் வேற, ஜாப் ஃபேருக்குன்னே ஒரு நேரம் ஒதுக்கி போஸ்டர் செஷனோட சேத்து வைக்கிறாங்க. அந்த யோசனை நமக்கும் அப்படியே பொருந்தும். காலைல பேச்சுங்க, நடுவுல ஒரே ஒரு பிரேக்கு ஆனா முழுசா 45 நிமிஷம், சாப்பாட்டுக்கு அப்புறம் ரெண்டு மணி நேரம் வேலைச் சந்தை மட்டும், அந்த நேரத்துல மேடையில மைக்க ஆஃப் பண்ணிடுங்க, பாட்டு கூட வேணாம், பேசுறது காதுல விழணும்.

சாப்பாட்டையும் தண்ணியையும் பூத்துங்க இருக்குற எடத்துலயே வையுங்க. வெளிய கெனோப்பி கூடாரம் போட்டு நாசி லெமாக் கொடுத்தா கூட்டம் அங்கயே நின்னுடும், உள்ள ஸ்பான்சருங்க மூஞ்சிய பாத்துகிட்டு இருப்பாங்க.

டேவான் ஏற்பாடு

சீக்கிரமா சொல்லிடுறேன். மேசைக்கும் மேசைக்கும் நடுவுல மூணு மீட்டராவது விடுங்க, மேசைக்கு முன்னாடி ரெண்டு நாற்காலி, பக்கவாட்டுல ரெண்டு. பழைய டேவான்ல வயரிங் பாத்துக்குங்க, ஒரே லைன்ல லேப்டாப், ஏர் கூலர், தண்ணி கெட்டில் எல்லாம் மாட்டினா டிரிப் ஆகும். லைன் கவரேஜ் எப்படின்னு முந்தின நாளே எல்லா மூலையிலயும் போன வச்சு பாருங்க, க்யூஆர் ஸ்கேன் பண்ணி ஃபார்ம் நிரப்ப சொல்லிட்டு லைன் இல்லன்னா எல்லாம் போச்சு, அதனால காகித ஃபார்மும் கட்டாயம் இருக்கணும்.

பூத்துல யாரு உக்காரணும்

ரெண்டு பேராவது வரணும், அதுல ஒருத்தர் அந்த வேலைய செய்யுறவரா இருக்கணும், இத ஸ்பான்சர்கிட்ட கெஞ்சியாவது வாங்குங்க. ஹெச்ஆர் சம்பளம் சொல்லுவாங்க, ஆனா தூசி படாத கிளீன் ரூம் உள்ள அந்த உடுப்ப போட்டுகிட்டு 12 மணி நேரம் நிக்கிறது எப்படி இருக்கும், சூப்பர்வைசர் திட்டுவாரா, டெக்னீஷியனா ஏற எத்தன வருஷம் ஆகும், இதெல்லாம் மெஷின் பக்கத்துல நிக்கிறவருக்குத்தான் தெரியும். அவரு நம்ம ஊர்க்காரரா இருந்துட்டா அதுக்கு மேல ஒண்ணும் வேணாம். ஒரு தோட்டத்துலருந்து போய் இப்ப டெக்னீஷியனா இருக்குற ஒரு அண்ணன் மேசைக்கு முன்னாடி நின்னா, பசங்க அவரு பேச்ச நம்புற மாதிரி எந்த பேனரையும் நம்ப மாட்டாங்க.

வர்றவங்களுக்கு முந்தின வாரம் ஒரு சின்ன குறிப்பு அனுப்புங்க. மேசைக்கு பின்னாடி உக்காராதீங்க, முன்னாடி வந்து நில்லுங்க. முதல் கேள்வி "ரெஸ்யூமே இருக்கா?"ன்னு வேணாம், அது இல்லாதவன் அங்கயே திரும்பிடுவான். "இப்ப என்ன பண்ணிட்டிருக்கீங்க தம்பி?"ன்னு கேளுங்க. எங்க பசங்க மேசைகிட்ட வந்து பேச கூச்சப்படுவாங்க, மூணு பேரா சேந்து தூரமா நிப்பாங்க, அது ஆர்வம் இல்லாததுனால இல்ல, நீங்கதான் ரெண்டு அடி எடுத்து வச்சு கூப்பிடணும். மலாய்லயோ இங்கிலீஷ்லயோ திக்கி திக்கி பேசுறவன வேலை தெரியாதவன்னு எடுத்துக்காதீங்க, தமிழ்ல கேட்டா மெஷின் எப்படி பிரிச்சேன்னு அழகா சொல்லுவான், அதனால தமிழ் பேசுற ஒருத்தர் பூத்துல இருந்தா நல்லது, இல்லன்னா நம்ம வாலன்டியர் ஒருத்தர பக்கத்துல நிக்க வைக்கணும்.

மேசையில தொட்டு பாக்க எதாவது வேணும். மெஷின கட்டுப்படுத்துற பிஎல்சி பத்தி கத்துக்குற ஒரு டிரெய்னர் பெட்டி, ஒரு உடைஞ்ச மோட்டர், ஒரு சிப் பேக்கேஜ பாக்க மைக்ராஸ்கோப், எதுவா இருந்தாலும் சரி. பேச்சு தானா ஆரம்பிக்கும்.

எல்லா பூத்துலயும் ஸ்டாம்ப் வாங்கினா லக்கி டிரான்னு ஒரு பழக்கம் இருக்கு, எனக்கு அதுல உடன்பாடே இல்ல. ஆளுங்க அட்டைய நீட்டுவாங்க, ஸ்டாம்ப் வாங்குவாங்க, போயிடுவாங்க, ஸ்பான்சர் 200 பேர் வந்தாங்கன்னு கணக்கு எழுதுவாரு, ஆனா ஒரு ஆள் கூட பேசியிருக்க மாட்டான். அதுக்கு பதிலா மூணு கேள்வி அச்சடிச்ச அட்டை கொடுங்க, "கையில எவ்வளவு வரும்?", "மொத மூணு மாசம் யாரு கத்துக் கொடுப்பாங்க?", "எப்ப பதில் சொல்லுவீங்க?", எந்த பூத்துல வேணும்னாலும் கேட்டு பதில எழுதட்டும். கூச்சப்படுற பசங்களுக்கு வாயத் தொறக்க ஒரு சாக்கு கெடைக்கும்.

அம்மா அப்பா வருவாங்க

கண்டிப்பா வருவாங்க, அதுவும் பொண்ணுங்களோட. வெளியூர் ஆளுங்க இத தொந்தரவா நெனைக்கிறாங்க, நான் அப்படி பாக்கல. முடிவு அந்த வீட்டுலதான் எடுக்கப் போறாங்க, அப்ப அந்த அம்மாவுக்கு ஒரு நாற்காலி போட்டு, "நைட் ஷிஃப்ட் முடிஞ்சா பஸ்ஸு எங்க எறக்கிவிடும்கா, ஹோஸ்டல்ல யாரு வார்டன், போன்ல பேச முடியுமா"ன்னு அவங்க கேக்குற கேள்விக்கு மரியாதையா பதில் சொன்னா பாதி வேலை முடிஞ்சது. பஸ் வழிய ஒரு மேப்புல வரைஞ்சு ஒட்ட சொல்லுங்க. எங்க ஏரியாவுல நல்ல வேலை கெடைச்சும் போகாம நின்னவங்கள்ல நெறைய பேருக்கு காரணம் சம்பளம் இல்ல, பஸ் மெயின் ரோட்டுலயே நின்னுடும், அங்கருந்து தோட்டத்து உள்ள இருட்டுல வர வழி இல்ல. இத நேரடியா ஸ்பான்சர்கிட்ட சொல்லுங்க, சில கம்பெனிங்க ஆள் சேந்தா வேன் விடவும் ரெடியா இருக்காங்க, கேட்டாத்தான் தெரியும்.

ரெஸ்யூமே மூலை

ஒரு பிரிண்டர், மூணு லேப்டாப், பொறுமையான நாலு வாலன்டியர். காலைலருந்தே திறந்திருக்கணும், சந்தை தொடங்கும்போது ஆரம்பிச்சா தாமதம். ஒரு பக்கம் போதும். கோயில் திருவிழாவுல சவுண்ட் சிஸ்டம் போட்டது, மாமா கடையில கல்லாவுல உக்காந்தது, தோட்டத்துல புல் வெட்டுற மெஷின ரிப்பேர் பண்ணது, எல்லாம் அனுபவம்தான், கேட்டு எழுதுங்க, அவங்களா சொல்ல மாட்டாங்க. பெர்கேசோ (சொக்சோ) ஆளுங்கள கூப்பிட்டு அங்கயே அவங்க வேலை தேடுற தளமான மைஃப்யூச்சர்ஜாப்ஸ்ல பதிஞ்சு விடலாம். இன்னும் படிக்கணும்னு நெனைக்கிறவங்களுக்கு கொலேஜ் கொமுனிட்டி, கியாட்மாரா, ஐஎல்பி மாதிரி அரசாங்க பயிற்சி நிலையங்க மேசையும் பக்கத்துலயே, அவங்ககிட்ட பணம் வாங்காதீங்க.

பேரு, போன் நம்பர்

வந்தவங்க பட்டியல ஸ்பான்சருக்கு மொத்தமா தூக்கி கொடுக்குற பழக்கம் இருந்தா இன்னைக்கே நிறுத்துங்க. தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டம் 2010ல வந்து, 2013 நவம்பர் 15லருந்து அமல்ல இருக்கு, எதுக்காக வாங்குறோம் யாருக்கு கொடுப்போம்னு மலாய்லயும் இங்கிலீஷ்லயும் எழுத்துல சொல்லியாகணும். தமிழ்லயும் சேத்து போடுங்க, அதான் நம்ம ஆளுங்க படிப்பாங்க. ஃபார்ம்ல ஒவ்வொரு கம்பெனி பேருக்கும் பக்கத்துல ஒரு கட்டம், டிக் போட்டா அந்த கம்பெனிக்கு மட்டும் போகும். பேரு, போன், படிப்பு போதும், ஐசி நம்பர் எதுக்கு?

அன்னைக்கு

மேசைக்கு ஒரு வாலன்டியர், கையில முன்கூட்டி பொருத்தி வச்ச பேர் பட்டியல். "செல்விக்கு 2:20, அக்கவுண்ட்ஸ் மேசை"ன்னு கூட்டிட்டு போய் உக்கார வைக்கணும், பத்து நிமிஷம் ஆனதும் மெதுவா நினைவு படுத்தணும். பேசி முடிச்சு வர்றவங்ககிட்ட வாசல்ல ஒரே கேள்வி: "அடுத்து என்ன சொன்னாங்க, எப்ப?" தேதி இல்லாம வந்தா, வாலன்டியரே திரும்ப கூட்டிட்டு போய் கேட்டு வாங்கிக் கொடுக்கணும். வேலை இல்லன்னு சொல்லிட்டாங்களா, பரவால்ல, அதையும் அன்னைக்கே தெரிஞ்சிகிட்டா வேற மேசைக்கு போகலாம், சும்மா காத்துகிட்டு இருக்குறதவிட அது மேல்.

மேடையில ஸ்பான்சருக்கு அஞ்சு நிமிஷம் கொடுத்தா கம்பெனி எப்ப ஆரம்பிச்சாங்கங்குற கதை வேணாம்னு முன்னாடியே சொல்லிடுங்க, எந்த வேலை, எவ்வளவு, எந்த மேசை, அவ்வளவுதான்.

முடிஞ்சதுக்கப்புறம் மூணு மாசம்

இங்கதான் முக்கால்வாசி பேரு கைய விட்டுடுறாங்க, கெனோப்பி கழட்டினதும் வேலை முடிஞ்சதுன்னு நெனச்சிக்கிறாங்க. மூணாவது நாள் எல்லா ஸ்பான்சருக்கும் போன் பண்ணி, பட்டியல்ல இருக்குறவங்கள கூப்பிட்டாச்சான்னு கேளுங்க. ரெண்டு வாரத்துல பசங்களுக்கு மெசேஜ், "கூப்பிட்டாங்களா?" இல்லன்னா மறுபடி ஸ்பான்சருக்கு போன். இன்டர்வியூக்கு போக பஸ் காசு இல்லாதவங்க இருப்பாங்க, ஸ்பான்சர் பணத்துல கொஞ்சம் அதுக்குன்னே ஒதுக்கி வையுங்க, என் கணக்குல மத்த எந்த செலவையும் விட அது பிரயோஜனமானது, ஈப்போ போய் வர ஆகுற காசுக்காக ஒரு வேலை தவறக் கூடாது.

மூணு மாசம் கழிச்சு ஸ்பான்சருக்கு ஒரு பக்க ரிப்போர்ட் எழுதுங்க, எத்தன பேர் பேசினாங்க, எத்தன பேர இன்டர்வியூக்கு கூப்பிட்டீங்க, எத்தன பேருக்கு ஆஃபர் லெட்டர் போச்சு, இன்னைக்கு எத்தன பேர் இன்னும் வேலையில இருக்காங்க. யாராவது விட்டுட்டு வந்திருந்தா ஏன்னு கேட்டு, பேர் இல்லாம, அதையும் எழுதுங்க, பஸ்ஸா, ஹோஸ்டல் சாப்பாடா, சூப்பர்வைசரா. ஸ்பான்சருக்கு இந்த விவரம் வேற எங்கயும் கெடைக்காது. அந்த தாளோட கடைசியில அடுத்த வருஷத்து தேதிய எழுதி, இந்த தடவ வேலைக்கு சேந்த பசங்கள்ல ஒருத்தர பூத்துல நிக்க அனுப்ப முடியுமான்னு கேட்டு அனுப்பிடுங்க.